முழங்கால் உயரத்தில் ஒரு கலண்டர்

போன தவணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்கு ஏறும் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மயக்கம் கியக்கம் எதுவும் இல்லை. இடது முழங்கால் இதற்கு மேல் வரமாட்டேன் என்றது, அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடம் தேயிலை மலையின் உச்சியில் இருக்கிறது. பஸ் நிற்பது அடிவாரத்தில். இடையில் நூற்று நாற்பத்திரண்டு படிகள். எண்ணினீர்களா என்று கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஏறி இறங்கும் கணக்கு டீச்சர் வேறு எதைத்தான் எண்ணுவாள்?

சும்மா உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். ஆகவே பையில் இருந்த பேப்பரைப் பிரித்து, ஏதோ முக்கியமான செய்தி படிக்கத்தான் உட்கார்ந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். "குட் மோர்னிங் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகள் என்னைத் தாண்டி மேலே ஓடினார்கள். நானும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் குட் மோர்னிங் சொன்னேன்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. தோட்டங்களில் உள்ள குடியிருப்புகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுத வீட்டுப் பரிசோதகர்கள் தேவையாம். தமிழும் சிங்களமும் தெரிந்திருக்க வேண்டுமாம். வயதெல்லை ஐம்பது. பெண்களும் விண்ணப்பிக்கலாமாம்.

வீட்டுப் பரிசோதகர்... இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். வீடு எதிர்த்துப் பேசாது. வீட்டுக்கு மூக்கு ஒழுகாது. கூரை ஒழுகினாலும் நாம் துடைத்துவிட வேண்டியதில்லை, எழுதிக்கொண்டு வந்தால் போதும். வீடு பரீட்சையில் தோற்றால் யாரும் அதிபர் முன்னால் போய் 'டீச்சர் சரியாச் சொல்லிக் குடுக்கல' என்று நிற்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பின்னக் கணக்கு என்றதும் எனக்குப் பெருமூச்சு வருகிறது. எட்டாம் ஆண்டுக்கு ஒவ்வொரு வருஷமும் கரும்பலகை நிறைய எழுதுகிறேன். "விளங்கிச்சா?" என்று கேட்கிறேன். "விளங்கிச்சு டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. பரீட்சை வைத்தால், அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டு என்று பாதிப்பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். விளங்கிச்சு என்றீர்களே என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என்ன பிள்ளைகளோ என்று சலித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போகிறேன். இருபத்திரண்டு வருஷம்... சிவப்புப் பேனைக்கே அலுத்திருக்கும்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நுவரெலியாவில் தபால் கந்தோரில் வேலை. நாள் முழுக்கக் கடிதம் பிரித்துப் பெட்டியில் போடுகிறவர். நாம் சொல்வதையும் அப்படியே பிரித்து வைத்துவிடுவார்.

"மலை ஏற முடியலைன்னுதானே இந்த வேலைய விடப்போற?"

"ஆமா."

"அந்த வேலையில என்னா செய்யணும்?"

"தோட்டம் தோட்டமாப் போயி லயத்தைப் பாக்கணும்."

"லயமெல்லாம் எங்க இருக்கு?"

தேநீரைக் கொஞ்சம் சத்தமாகக் கொண்டுபோய் வைத்தேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் மலையில்தான் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாதா? இக்கரைக்கு அக்கரை பச்சை. அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இன்னும் பச்சை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி சிவபாலன் என்று ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், குடும்பம் ஊரில். விளம்பரம் போட்ட அதே நிறுவனத்தில் பரிசோதகர். கந்தப்பளைக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. என் ஆசையைக் கேட்டதும் சிரித்தார்.

"விண்ணப்பம் போட முந்தி ஒருநாள் என்னோட வந்து பாருங்கோ ரீச்சர். பிடிச்சுதெண்டால் நேர்முகத்தில நானும் ஒரு வார்த்தை சொல்லுவன். பயப்பிடாதேங்கோ, லேசான வேலை. இஞ்சத்தைய சனம் நல்ல சனம். எட்டு மாசமா ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை."

"ஒருத்தருமேவா?"

"ஒருத்தரும். எங்கட பக்கம் வீடு பாக்கப் போனா, கிணத்தடியில துவங்கி முகடு மட்டும் குறை சொல்லுவினம். கேட்டு முடியப் பொழுதுபட்டிடும். இஞ்ச பத்து நிமிசத்தில ஒரு வீடு முடியுது."

அப்போதே எனக்கு ஏதாவது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. 'லேசான வேலை' என்பதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை ராகலை பஸ்ஸில் ஏறினோம். அதற்கு முன்னால் முழங்காலுக்கு எலாஸ்டிக் பட்டியை இழுத்துப் போட்டு, சேலையை நன்றாக இறக்கிக் கட்டிக்கொண்டேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்லப்போகிறவர் முன்னால் நொண்டலாமா? பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. கொஞ்ச தூரம் ஏறியதும் சிவபாலன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சயிருந்து பாக்க நல்ல வடிவு, என்ன?"

"ஆமாங்க சார், ரொம்ப அழகு" என்று நானும் நின்றேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி அழகாக இருந்தது. அந்த இரண்டு மைலில் நாங்கள் இரண்டு பேரும் நிறையக் காட்சி பார்த்தோம்.

வழியில் அவர் படிவத்தை விளக்கினார். மழைக்காலத்துக்கு முன்னால் திருத்த வேண்டிய லயங்களுக்கு ஒரு பட்டியல் தயாராகிறது. யாருடைய காம்பரா, அதாவது லயத்து அறை, மோசமோ அவர்களுக்கு முதலிடம். கூரை ஒழுகுகிறதா, சுவர் வெடித்திருக்கிறதா, நிலம் இறங்குகிறதா என்று கேட்டு அடையாளம் போட வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் அடியில் 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போகலாம். நல்ல நிலை என்று எழுதினால் அந்த வீட்டின் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும்.

நாங்கள் போன லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். ஒரே நீளச் சுவர், ஒரே தகரக் கூரை, ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு குடும்பம்.

"கூரை ஒழுகுதோ அம்மா?"

"இல்லீங்க சார்."

"சுவர் வெடிச்சிருக்கோ?"

"இல்லீங்க சார். எல்லாம் நல்லாருக்குங்க."

நல்ல நிலை.

இரண்டாவது காம்பராவிலும் அதேதான். மூன்றாவதில் ஒரு பெரியவர், கேள்வி வருவதற்கு முன்னாலேயே நல்லாருக்குங்க என்றார். சிவபாலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'சொன்னேன்தானே' என்ற பார்வை.

ஐந்தாவது காம்பராவில்தான் என் மூக்கு விழித்துக்கொண்டது. சுண்ணாம்பு வாசம். முந்தாநாள் அடித்த சுண்ணாம்பு. அதுவும் சுவர் முழுக்க இல்லை. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு. பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. வாசலோரச் சாக்கடைக் கான் வழித்துச் சுத்தமாகக் கிடந்தது. வாசலில் ஆட்டுப் புழுக்கை இருந்தது, ஆட்டைக் காணோம். உள்ளே தரையில் வட்டமாக ஒரு ஈரத் தடம். வாளி வைத்த தடம். வாளியைக் காணோம்.

எனக்குத் தெரியாத தடமா அது? நான் பிறந்து வளர்ந்ததும் இதே மாதிரி ஒரு காம்பராவில்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் 'நாளைக்கு லயம் பாக்க வர்றாங்க' என்று சொன்னால் போதும். அன்று பின்னேரமே லயம் உருமாறிவிடும். ஆடுகள் மேட்டுக்குப் போகும். பின்பக்கம் ஒட்டிப் போட்ட தகரக் கொட்டில் பிரிந்து கட்டிலுக்கு அடியில் போகும். வெடிப்பில் மண்ணையும் சாணத்தையும் அப்பி மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒழுகலுக்கு வைத்த வாளி, சட்டி, குண்டான் எல்லாம் அடுப்படிக்குப் போகும். கடைசியாக அம்மா எங்கள் மூன்று பேரையும் நிறுத்திச் சொல்லித் தருவார்.

"யாரு என்னா கேட்டாலும் நல்லாருக்குங்கன்னு சொல்லணும். வேற பேச்சு பேசப்படாது."

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒழுகுது என்று சொன்னால், 'கூரை மேல விறகு காயப்போட்டது யாரு?' என்று கேள்வி வரும். சுவர் வெடித்திருக்கு என்றால், 'யாரைக் கேட்டு ஆணி அடிச்ச?' என்று வரும். லயம் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்க்க வந்ததே இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம் என்ன குற்றம் என்று பார்க்கத்தான் வந்தார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பட்டுப் படித்துவிட்டார்கள். வந்தவர் காலில் சப்பாத்து, கையில் ஃபைல் என்றால், கேள்வி எதுவானாலும் பதில் ஒன்றுதான்.

குறையை எழுதவென்றே ஒருவர் வந்து நிற்கிறார். அவரிடமே குறையை மறைக்கிறார்கள். அவரும் எட்டு மாதமாக அதை நம்பி எழுதிக்கொண்டு போகிறார்.

அப்போதே வாயைத் திறந்தேனா? இல்லை. வந்த முதல் நாளே அந்த மனிதரிடம் போய், 'சார், நீங்க எட்டு மாசமா எழுதினது அம்புட்டும் பிழை' என்று சொன்னால் எனக்காக என்ன வார்த்தை சொல்வார்? வேலை வேண்டியிருந்தது. படிக்கட்டிலிருந்து தப்ப வேண்டியிருந்தது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது... ஒவ்வொரு வாசலிலும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

பன்னிரண்டாவது காம்பராவோடு லயம் முடிகிறது. அதற்கு அப்பால் நிலம் செங்குத்தாக ஆற்றைப் பார்த்து இறங்குகிறது. அங்கே இருந்தவள் லெட்சுமி. கொழுந்து எடுக்கிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷனும் மூன்று பிள்ளைகளும் உண்டு. அன்று யாரும் வீட்டில் இல்லை. நாங்கள் உள்ளே போனதும் அவள் பின்சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அந்தச் சுவரில் மூன்று கலண்டர்கள் தொங்கின. இரண்டு வழக்கமான உயரத்தில். மூன்றாவது, முருகன் படம் போட்ட பெரிய கலண்டர், என் முழங்கால் உயரத்தில்.

நான் வேதக்காரி, கோவிலுக்கு இல்லை, சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் இது தெரியும்... சாமி படத்தைக் கால் படும் இடத்தில் எந்தப் பெண்ணாவது மாட்டுவாளா? நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்த லெட்சுமி மாட்டுவாளா? அதை மாட்டும்போது அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

"சுவர் வெடிச்சிருக்கோ அம்மா?"

"இல்லீங்க சார். நல்லாருக்குங்க." சொல்லிக்கொண்டே அவள் அரை அடி நகர்ந்தாள். சேலைக் கொசுவம் முருகனை மறைத்தது.

சிவபாலன் குனிந்து எழுதினார். 'நல்ல' எழுதியாகிவிட்டது. 'நிலை' மட்டும்தான் பாக்கி.

"தங்கச்சி" என்றேன். "எங்க வீட்ல மூணு எடத்துல ஒழுகுது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மழை பேஞ்சா நானும் வீட்டுக்காரரும் கட்டிலைத் தள்ளிக்கிட்டே இருப்போம். ஒரு வாளி, ஒரு சட்டி, ஒரு குண்டான்."

"டீச்சர் வீட்லயாங்க?"

"ஆமா. போன மாசம் வீட்டுக்கு ஆள் வந்தாங்க. வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயி அடுப்படியில ஒளிச்சு வச்சேன்."

லெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நானும் லயத்துல பொறந்தவதான். இந்த சார் குத்தம் பாக்க வரல. எந்த வீடு மோசமோ, அதைத்தான் மொதல்ல எடுப்பாங்க. நல்லாருக்குன்னு சொன்னா ஒங்க பேரு கடைசிக்குப் போயிரும்."

"அப்ப, நல்லாருக்குன்னு சொன்னா செஞ்சு தர மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அவள் சிவபாலன் பக்கம் திரும்பினாள்.

"போன தடவ வேற ஒருத்தரு வந்தாருங்க சார். வெடிப்பு இருக்குன்னு நான்தான் சொன்னேன். மறுநாளே ஆளு வந்து பின்பக்கத்துக் கொட்டிலைப் புடுங்கிப் போட்டுட்டாங்க. கொட்டில் போட்டதுனாலதான் செவரு வெடிச்சதுன்னு சொன்னாங்க. ஒரு மாசம் வெட்டவெளியில வச்சுத்தான் சோறாக்குனேன். அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்லல."

குனிந்து முருகனைக் கழற்றினாள். கண்ணில் ஒற்றி, கட்டிலில் வைத்தாள். எத்தனை நாளாக அந்த இடத்தில் அவரைத் தொங்கவிட்டிருந்தாளோ, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கலண்டர் இருந்த இடத்திலிருந்து கூரை வரைக்கும் சுவர் இரண்டாகப் பிளந்திருந்தது. மேல் பாதிக்குச் சாணம் அப்பிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கீழ்ப் பாதி அகலம் கூடிவிட்டது, சாணம் நிற்கவில்லை. அதனால்தான் கலண்டர். நான் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போனது. அந்தப் பக்கம் விரலில் காற்றுப் பட்டது.

"இதுக்குப் பக்கத்துல யாரு படுக்கிறது?"

"புள்ளைங்க மூணும்ங்க."

சிவபாலன் வெளியே போய் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"எட்டு மாசம், ரீச்சர்" என்றார். "எல்லா வீட்டிலயும் இப்பிடித்தானோ?"

"இந்த லயத்துல அஞ்சாவது காம்பராலருந்து எனக்குத் தெரியும் சார்."

"பிறகேன் சொல்லேல்லை?"

பொய் சொல்ல அந்த இடத்தில் மனசு வரவில்லை. "வேலை வேணுமேன்னுதான்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, முதல் காம்பராவை நோக்கி நடந்தார். மறுபடியும் முதலிலிருந்து. நானும் பின்னால் போனேன்.

இந்த முறை ஒவ்வொரு வாசலிலும் முதலில் என் வீட்டு வாளி, சட்டி, குண்டான் கதை. அதற்குப் பிறகுதான் படிவம். பத்து நிமிஷ வீடு அரை மணி நேரம் ஆனது. மூன்றாவது காம்பராப் பெரியவர் ஏணி வைத்து என்னையே கூரை பார்க்கச் சொன்னார். முழங்காலை நினைத்துச் சிவபாலனை ஏற்றிவிட்டேன். ஒரு பெண் ஓட்டை எண்ணிக்கையைச் சொல்ல, பக்கத்துக் காம்பராப் பெண் 'ஒனக்கு அஞ்சுதான், எனக்கு ஒம்பது' என்று போட்டிக்கு வந்தாள். மேட்டிலிருந்து ஆடுகளும் இறங்கி வந்துவிட்டன. பின்னேரத்துக்குள் டீச்சர் வீட்டு ஒழுகல் தோட்டம் முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. மானம் போனதைப் பற்றி வீட்டுக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சிவபாலன் சொன்னார்: "உந்த வேலைக்கு நீங்கள்தான் சரியான ஆள், ரீச்சர். ஆனா லேசான வேலை எண்டு நான் சொன்னதை மறந்திடுங்கோ."

அடுத்த கிழமையே அவர் ஓடியாடி, லெட்சுமி குடும்பத்தைப் பிள்ளைக் காம்பராவின் ஒரு அறையில் குடிவைத்தார். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது, சுவர் கெட்டி. பதினைந்து நாள் கழித்துப் பெரிய மழை பெய்தது. பன்னிரண்டாம் காம்பராவின் பின்சுவர் ஆற்றுப் பக்கம் போய்விட்டது. உள்ளே யாரும் இல்லை.

செய்தியைக் கேட்டதும் அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகத்துக்கு வந்தது. பதினொன்றாவது காம்பரா வரைக்கும் தலையாட்டிக்கொண்டு போனவளுக்கு, பன்னிரண்டாவதில் வாய் திறந்தது யார் புண்ணியமோ? திறக்காமல் இருந்திருந்தால்... அதை நினைத்துத் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு.

இதெல்லாம் நடந்த பிறகு விண்ணப்பம் போடாமல் இருப்பேனா? போட்டேன். நேர்முகத்துக்கு நுவரெலியாவுக்கு வரச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் சிவபாலன். கேள்விகள் எல்லாம் சுலபம்தான். கடைசியில் நடுவில் இருந்த பெரியவர் கேட்டார்:

"நிறைய மலை ஏறி நடக்க வேண்டும். உடம்பில் வருத்தம் ஏதும் இருக்கிறதா? கால் வலி, முதுகு வலி?"

காலில் சப்பாத்து. கையில் ஃபைல்.

"ஒன்னும் இல்லீங்க சார். எல்லாம் நல்லாருக்குங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேசைக்குக் கீழே என் கை சேலையை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டது. சிவபாலன் என்னைப் பார்க்கவில்லை. அவர் நாற்காலியில் முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை வைத்து, அது தெரியாதபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். தெரிவாகிவிட்டேனாம். இரண்டு கிழமைக்குள் பதில் எழுத வேண்டுமாம். கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். நூற்று நாற்பத்திரண்டு படியும் அன்று கொஞ்சம் குறைவாகவே வலித்தது. போகப்போகிறவளுக்கு எல்லாம் லேசுதானே?

எட்டாம் ஆண்டு. பின்னக் கணக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு என்ற நிம்மதியோடு கரும்பலகையில் எழுதி முடித்தேன்.

"விளங்கிச்சா?"

"விளங்கிச்சு டீச்சர்."

நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த கணக்கை எழுதக் கையைத் தூக்கினேன். கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் குரலை எங்கே கேட்டேன்?

நல்லாருக்குங்க சார்.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் முதுகை நிமிர்த்திக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். உட்காரும் வாங்கெல்லாம் துடைத்திருந்தது. கடைசி வரிசையில் புனிதா என்ற பிள்ளை, கணக்கு எழுதும் கொப்பியின் மேல் முழங்கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தாள். என் காலிலும் சப்பாத்துத்தான். கையில் ஃபைல் இல்லை... பிரம்பு இருந்தது.

சிவபாலன் எட்டு மாதத்துக்கு அப்படி நொந்துபோனார். நான் இருபத்திரண்டு வருஷமாக அடியில் 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறேன். எத்தனை பிள்ளைகள்... கணக்கு டீச்சர்தான், ஆனால் அதை எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

பிரம்பை மேசைக்குப் பின்னால் போட்டேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒங்க வயசுல பின்னம் விளங்கவே இல்ல" என்றேன். "மேல இருக்கிறது தொகுதியா, கீழ இருக்கிறது தொகுதியான்னே தெரியாது. பக்கத்துப் புள்ளையப் பாத்து எழுதித்தான் பாஸ் பண்ணேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புனிதா முழங்கையை மெல்ல எடுத்தாள்.

"டீச்சர்... அந்தக் கீழ இருக்கிற நம்பர் எதுக்குன்னு எனக்கு விளங்கல."

"எப்பருந்து விளங்கல?"

"ஆறாம் ஆண்டுலருந்து டீச்சர்."

அப்புறம் ஒரு கை எழுந்தது. இன்னொரு கை. முன்வரிசையில், நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்த பையனின் கை. எண்ணினேன். இருபத்தொன்பது.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். களைப்பாக இருந்தது. இரண்டு வருஷப் பாடத்தை மறுபடி முதல் காம்பராவிலிருந்து தொடங்க வேண்டும். அன்று மணி அடிக்கும்வரை ஒரே ஒரு ரொட்டியைக் கரும்பலகையில் வரைந்து பிய்த்துப் பிய்த்துக் காட்டினோம். அரை ரொட்டி தாண்டவில்லை.

அன்றிரவே நிறுவனத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். இடது முழங்காலில் பல வருஷமாக வலி இருக்கிறது, நேர்முகத்தில் மறைத்ததற்கு மன்னிக்கவும், இந்த வேலைக்கு லயத்தில் பிறந்த வேறு ஒரு ஆளைப் பாருங்கள், சிவபாலன் சாருக்கு நல்ல நாற்காலி ஒன்றும் கொடுங்கள் என்று. வீட்டுக்காரர் படித்துப் பார்த்து, முத்திரை ஒட்டினார்.

வேலை மாறத்தான் ஆசைப்பட்டேன். மாறித்தான் விட்டது... அந்த நூற்று நாற்பத்திரண்டு படிதான் பழசு.